எஸ்ஈசி-ல வந்த அந்த திமில்

பிப்பெட்பாண்டி:
லேப்ல நடந்து இன்னும் மறக்க முடியாத தப்பு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம், முதல்ல நான். பெங்களூர்ல ஒரு பயோசிமிலர் (ஏற்கனவே இருக்கற உயிரி மருந்துக்கு ஒத்த மருந்து) கம்பெனி, க்யூசி-ல, அதாவது தரப் பரிசோதனைல இருந்தேன். ஏழெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. ஆன்டிபாடி (மருந்தா குடுக்கற புரதம்) சாம்பிள எஸ்ஈசி போட்டா, அதாவது மூலக்கூறுங்கள அளவு வாரியா பிரிக்கற காலம்ங்கற (column) குழாய்ல ஓட்டினா, மோனோமர் (ஒட்டாத தனி மூலக்கூறு) பீக் ஒத்தையா கோபுரம் மாதிரி நிக்கும்ல, அன்னைக்கு அதுக்கு முன்னாடி ஒரு திமில். முன்னாடி வருதுன்னா பெருசு, பெருசுன்னா அக்ரிகேட் (மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டின கட்டி), நோயாளி உடம்பு மருந்தையே எதிரின்னு நினைச்சு கிளம்பிடலாம், அதனால பேட்ச் ஹோல்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ட்யூப எடுத்து வெளிச்சத்துல பாத்தா மேல மெல்லிசா நுரை, காப்பி ஆத்தின மாதிரி. தம்பி இத என்னடா பண்ணினன்னு கேட்டா, "நல்லா கலக்கட்டும்னு வோர்டெக்ஸ்ல வெச்சேண்ணே"ங்கறான். வேகமா குலுக்கற மெஷின் அது, அந்தக் குலுக்கல்லயே புரதம் ஒட்டிக்கலாம். ரிப்போர்ட்ல அனலிஸ்ட் எரர்னு எழுதினேன். வோர்டெக்ஸ் பண்ணக்கூடாதுன்னு மெத்தட்ல ஒரு வரி கிடையாது, அந்த மெத்தட எழுதினதும் நான்தான்.

ஜெல்ராணி:
ஜெர்மனில நல்ல குளிர்காலம். மூணு வாரம் பாடுபட்ட பேண்ட் (ஜெல்ல கோடா நிக்கற புரதம்), ஜெல்ல இருந்து வெட்டி ட்ரிப்சின் போட்டு துண்டாக்கி, அது என்ன புரதம்னு சொல்ற மாஸ் ஸ்பெக்குக்கு குடுத்தேன். முதல் பேரே கெரட்டின் (முடி, கம்பளில இருக்கற புரதம்), அதுலயும் செம்மறி ஆட்டோடது 😭 எங்க ப்ரொஃபசர் ஸ்க்ரீனப் பாத்தார், என் கம்பளி சால்வையப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம போயிட்டார். திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

காலம்கழுவி:
பாண்டி, நுரைய பாத்ததும் வோர்டெக்ஸ்தான்னு முடிவா? மறுபடி சாம்பிள் எடுத்து போட்டீங்களா? எஸ்ஈசி சொல்றத அப்படியே நம்பவும் கூடாது, உள்ள போனதும் சாம்பிள் டைல்யூட் ஆகி லேசா ஒட்டினதெல்லாம் பிரிஞ்சிடும், ரொம்பப் பெருசுன்னா காலம் வாசல்ல சல்லடை மாதிரி இருக்கற ஃப்ரிட்லயே மாட்டிக்கும், பீக்கே வராது, நீங்க பேட்ச் சுத்தம்னு சந்தோஷப்படுவீங்க. டிஎல்எஸ், அதாவது ஒளிச்சிதறல வெச்சு துகளோட பருமன் பாக்கறது, ஒண்ணு பாத்திருக்கணும். ஆனா அதுல அக்ரிகேட் எத்தனை பர்சன்ட்னு கேக்காதீங்க, சின்னத் துகளுக்கு ஒளிச்சிதறல் விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும், பத்து மடங்கு பெரிய துகள் ஒண்ணு பத்து லட்சம் மடங்கு கத்தும். எத்தனை பர்சன்ட்னு வேணும்னா ஏயூசி, வேகமா சுத்தி படிய வெச்சு அளக்கறது. மருந்து நிரப்பியே வர்ற ப்ரீஃபில்டு சிரிஞ்சுன்னா சிலிகான் எண்ணெய்த் துளியும் துகள் கணக்குல வந்து குழப்பும், அதுக்கு இமேஜிங் வெச்சு, துகள படம் எடுத்து, எண்ணெய் மாதிரி உருண்டையா இருக்கான்னு பாக்கணும். என் கதையா? ஒரு காலம் குழாய காய விட்டேன், திட்டு வாங்கினேன், அவ்ளோதான்.

ஜெல்ராணி:
அண்ணா, பாண்டி சொல்ல வந்தது அது இல்ல.

பிப்பெட்பாண்டி:
போட்டோம் சார். அதே மருந்துக் குப்பில (vial) இருந்து புதுசா எடுத்து, மெதுவா தலைகீழா திருப்பித் திருப்பிக் கலக்கி. திமில் இல்ல, பேட்ச் ரிலீஸ் ஆச்சு. தம்பியோட கான்ட்ராக்ட்ட மட்டும் புதுப்பிக்கல.