19 வாரம், ஸ்டேஜ் 1 டிடிடிஎஸ்: லேசர் உடனே வேண்டுமா, காத்திருக்கலாமா?

கும்பகோணத்துக்காரி:
எனக்கு 19 வாரம் 3 நாள். இரட்டைக் குழந்தைகள், நஞ்சுக்கொடி ஒன்றுதான், பனிக்குடம் இரண்டு. திங்கட்கிழமை ஸ்கேனில் ஒரு பக்கம் நீர் 1.7 செ.மீ., இன்னொரு பக்கம் 8.6. இரண்டுக்கும் சிறுநீர்ப்பை தெரிகிறது, டாப்ளரும் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) சரியாம். இது டிடிடிஎஸ், அதாவது பொது நஞ்சுக்கொடி வழியாக ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்கு அதிகமாகப் போகும் நோயாம். "ஸ்டேஜ் 1, அடுத்த வாரம் வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். "வியாதி என்று தெரிந்த பிறகும் எதற்கு வேடிக்கை பார்க்கிறார்கள்?" என்கிறார் மாமியார். எனக்கும் அதே கேள்விதான். அந்த இணைப்பு ரத்தக்குழாய்களை அடைக்கும் லேசர் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். முதலிலேயே செய்துவிட்டால் நல்லதில்லையா?

ரெட்டைவால்:
நானும் இப்படித்தான் துடித்தேன் தங்கச்சி. 17 வாரத்தில் ஸ்டேஜ் 1. ஒன்பதாம் நாள் ஸ்கேனில் சின்னதின் சிறுநீர்ப்பை தெரியவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்தும் நிரம்பவே இல்லை. அது ஸ்டேஜ் 2. மறுநாளே லேசர். மயக்கமெல்லாம் இல்லை, வயிற்றில் மரத்துப்போக ஊசி மட்டும். இரண்டு குழந்தைகளையும் இணைக்கும் ரத்தக்குழாய்களைத் திரையில் பார்த்துப் பார்த்து அடைத்தார்கள், கடைசியில் இரண்டு லிட்டர் போல நீரை எடுத்தார்கள். அப்பாடா, அன்று ராத்திரிதான் மல்லாந்து படுத்தேன்! 32 வாரத்தில் பிரசவம், 1.3 கிலோ, 1.7 கிலோ. இப்போது சோபாவைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.
எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் 16 வாரத்தில் "நீர் கொஞ்சம் அதிகம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. உங்கள் டாக்டர் கண்டுபிடித்திருக்கிறாரே, அதுவே பெரிது.

ஸ்கேன் அறையிலிருந்து:
நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். ஸ்டேஜ் 2 முதல் 4 வரை, 16-26 வாரத்துக்குள் என்றால் லேசர்தான், அதில் தயக்கம் இல்லை. ஸ்டேஜ் 1 அப்படியல்ல. கருவியை உள்ளே விட்டாலே பனிக்குடம் முன்கூட்டி உடையும் அபாயம் உண்டு. உடனே லேசர், காத்திருந்து தேவைப்பட்டால் லேசர் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. பெரிய நரம்பு பாதிப்பில்லாமல் ஆறு மாதம் வரை பிழைத்த குழந்தைகள் உடனே லேசர் செய்த பக்கம் 78%, காத்திருந்த பக்கம் 77%. காத்திருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு லேசரே தேவைப்படவில்லை.
ஆனால் அதில் சேர்த்ததே தொந்தரவு எதுவும் இல்லாத, கர்ப்பப்பை வாய் ரொம்பக் குறுகாத, 48 மணி நேரத்துக்குள் லேசர் மையத்துக்குப் போக முடிந்தவர்களைத்தான். வாரா வாரம் ஸ்கேனும் உண்டு. அதனால் இது வேடிக்கை பார்ப்பது இல்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாயின் நீளம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா? வயிறு திடீரென்று இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, நீர் கசிந்தாலோ அடுத்த திங்கள்வரை இருக்காதீர்கள்.

கும்பகோணத்துக்காரி:
நன்றி அக்கா, நன்றி டாக்டர். ரிப்போர்ட்டில் 34 மி.மீ. என்று இருக்கிறது. மூச்சு வாங்கவில்லை, ஆனால் இரண்டு நாளாகப் புடவைக்கட்டு இறுகுகிற மாதிரி ஒரு சந்தேகம். திங்கள்வரை பொறுக்கவில்லை, நாளைக் காலையே ஸ்கேனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சென்னை மையத்துக்கும் போன் செய்து ரிப்போர்ட்டை அனுப்பியாயிற்று. மாமியார் இப்போதே பை கட்டிக்கொண்டிருக்கிறார்.