கென்வுட் டிஎம்-வி71ஏ: காரிலும் வீட்டிலும் வைத்திருப்பவர்களின் கருத்து தேவை

வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். ஹாம் (அமெச்சூர்) வானொலிக்கான ஜெனரல் கிரேடு உரிமம் அண்மையில்தான் கைக்கு வந்தது. இதுவரை ஐந்து வாட் ஹேண்டி (கையடக்க வயர்லெஸ் செட்) ஒன்றை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் ஏறி நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்ததாக, காரில் பொருத்தக்கூடிய ஒரு டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் இயங்கும்) மொபைல் செட் வாங்கலாம் என்று நினைத்திருக்கும் நேரத்தில், தெரிந்த மூத்த ஹாம் ஒருவர் தம்மிடமுள்ள கென்வுட் டிஎம்-வி71ஏ செட்டை விற்க முன்வந்திருக்கிறார். 2007ஆம் ஆண்டு வெளிவந்த மாடல் இது. இரண்டு பேண்டிலும் 50 வாட், ஆயிரம் மெமரி சேனல், கழற்றி வைக்கக்கூடிய முகப்பு என்ற அளவுக்குப் படித்திருக்கிறேன். உற்பத்தி நின்றுவிட்டது என்பதும் தெரியும்.

எனக்குள்ள தயக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் யுஎச்எஃப்-இல் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள பட்டை) பேச்சு மிகவும் குறைவு. பெரும்பாலானோர் விஎச்எஃப் பட்டையான 144–146 மெகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறார்கள். அப்படியிருக்க இரண்டாவது பேண்டுக்குப் பணம் கொடுப்பது வீண்தானா? காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே ஹேண்டி வழியாகவே தொலைவிலுள்ள ரிப்பீட்டரில் (கேட்ட குரலை மறுபடி அனுப்பித் தொலைவுக்குச் சேர்க்கும் நிலையம்) பேசலாம் என்று சொல்லப்படும் கிராஸ்பேண்ட் வசதி நடைமுறையில் எப்படி இருக்கிறது? என்னுடையது சிறிய கார் என்பதால், முகப்பைத் தனியே பொருத்துவதில் உள்ள சிக்கல்களையும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல் (கோவை)

பல ஆண்டுகளாக இந்த செட் என் காரில் இருக்கிறது. இதன் உண்மையான பலம் 50 வாட் அல்ல, இரண்டு தனித்தனி ரிசீவர்கள் உள்ளே இருப்பதுதான். விலை குறைந்த டூயல் பேண்ட் செட்டுகள் பலவற்றில் இரண்டு அலைவரிசைகள் திரையில் தெரிந்தாலும், ரிசீவர் ஒன்றுதான். அது இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும். இதில் ஏ, பி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும், அதுவும் இரண்டையும் விஎச்எஃப்-இலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் ரிப்பீட்டரையும் மறுபக்கம் நண்பர்கள் கூடும் சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்) அலைவரிசையையும் வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் என் வழக்கம். பின்புறம் இரண்டு ஸ்பீக்கர் ஜாக்குகள் இருப்பதால், ஏ பக்கத்தின் ஒலியை வலப்புறமும் பி பக்கத்தின் ஒலியை இடப்புறமும் பிரித்துவிட்டால், திரையைப் பார்க்காமலேயே யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். ஆகவே, உங்கள் ஊரில் யுஎச்எஃப் காலியாகக் கிடப்பதை வைத்து மட்டும் இந்த செட்டை எடை போட வேண்டாம்.

முகப்பைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அதைத் தனியே பொருத்துவதற்கான கேபிள் செட்டோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டிய பொருள். இன்னொரு சங்கதி, மைக் செருகும் இடம் முகப்பில் இல்லை, உடல்பகுதியில் இருக்கிறது. உடலை டிக்கியிலும் முகப்பை டேஷ்போர்டிலும் வைத்தால் மைக்குக்கும் நீளமான கேபிள் இழுத்தாக வேண்டும். சிறிய கார் என்றால், உடலை முன் இருக்கைக்கு அடியில் காற்று போகும்படி வைப்பதே எளிது. முகப்பைத் தலைகீழாகவும் மாட்டலாம் என்பதால், உள்ளிருக்கும் ஸ்பீக்கர் மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்பதை உங்கள் இடத்துக்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம்.

கிராஸ்பேண்ட் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதன் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் அருகில் ஹேண்டியில் பேசினால், கார் அதை 145-இல் வெளியே அனுப்பும். ரிப்பீட்டரிலிருந்து வருவதை மீண்டும் 435-இல் உங்களுக்குத் தரும். மறுமுனையில் பேசியவர் முடித்த பிறகும் ரிப்பீட்டரின் கேரியர் (குரலில்லாத வெறும் அலை) சில நொடிகள் தொங்கிக்கொண்டிருக்குமல்லவா, அந்த வால் அறும்வரை கார் செட் உங்கள் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்குள் நீங்கள் பிடிடி பட்டனை (பேசுவதற்கு அழுத்துவது) அழுத்தினால் யார் காதிலும் விழாது. வால் நீளமான ரிப்பீட்டர் என்றால் பொறுமை வேண்டும். ஹேண்டி பக்கத்துக்கு 5 வாட் லோ பவரே தாராளம். டைம்-அவுட்டை (தொடர்ந்து அனுப்புவதற்கான நேர வரம்பு) மூன்று நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஹேண்டிக்கு ஒரு சிடிசிஎஸ்எஸ் டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி, அது வந்தால்தான் கார் செட் திறக்கும்) வைக்காமல் இதை இயக்கவே கூடாது, இல்லையென்றால் ஏதாவது ஓர் இரைச்சல், ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் அமைப்பு) திறந்து, நீங்கள் அறியாமலேயே ரிப்பீட்டரை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டிருக்கும்.

கடலோரம் (சென்னை)

நொய்யல் அண்ணன் சொன்னவை எல்லாம் சரியே. ஆனால் செட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் ஒயரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் குறை.

இந்த செட் ஹை பவரில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பல கார்களில் இதற்குப் போதாது. கார் அலங்காரக் கடைகளில் 'எங்கிருந்து எடுத்தாலும் பன்னிரண்டு வோல்ட்தானே சார்' என்பார்கள், கேட்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக, பிளஸ், மைனஸ் இரண்டு ஒயர்களிலும் பேட்டரிக்கு அருகே ஃப்யூஸ் வைத்து இழுக்க வேண்டும். ஒயரின் தடிமனும் முக்கியம். நான்கு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போக வர எட்டு மீட்டருக்குக் கிட்டத்தட்ட முக்கால் வோல்ட் அதிலேயே விழுந்துவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.4 வோல்ட் என்றால், செட்டுக்குக் கிடைப்பது 11.7-க்கும் கீழே, அதுவோ இந்த செட்டின் கீழ் எல்லை. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட் அளவில் நின்றுவிடும். 'அனுப்பும்போது குரல் கரகரக்கிறது, திரை மங்குகிறது' என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

விசிறியின் சத்தம் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஓடும் காரில் அது காதில் விழாது. இரவில் அமைதியான அறையில் மேஜைமேல் வைத்துப் பயன்படுத்தினால் நிச்சயம் தெரியும். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் அரைமணி நேரம் ஹை பவரில் பேசிக்கொண்டிருந்தால் ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) தொட முடியாது, அது இயல்பே. 50 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறங்கினால் எதிர்முனையில் குறைவது ஏழு டெசிபல்தான், அதாவது சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளியும் கொஞ்சமும். நகரத்துக்குள் நான் மீடியத்தைத் தாண்டுவதே இல்லை.

வைகைக்கரை (மதுரை)

இருவருக்கும் மிக்க நன்றி. டோன் வைக்காமல் கிராஸ்பேண்ட் போடக்கூடாது என்பது எனக்குத் தோன்றியே இருக்காது. ஒரு துணைக் கேள்வி: வீட்டில் மாடிக்கு ஏற்கெனவே இருபது மீட்டர் ஆர்ஜி-58 ஆன்டெனா கேபிள் இழுத்திருக்கிறேன். அதையே இந்த செட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பொதிகை (நெல்லை)

விஎச்எஃப்-க்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம், யுஎச்எஃப்-க்கு வேண்டாம். இருபது மீட்டர் ஆர்ஜி-58-இல் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 4 டெசிபல் போய்விடும். 50 வாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்கு 20 வாட். 435-இல் இழப்பு 7 டெசிபலைத் தாண்டும். அங்கே போய்ச் சேர்வது 9 அல்லது 10 வாட். கேட்கும்போதும் இதே இழப்புதான், அதைப் பவரைக் கூட்டிச் சரிக்கட்ட முடியாது. அதைவிடத் தடிமனான ஆர்ஜி-213 கேபிள் போட்டால் யுஎச்எஃப்-இலும் பாதிப் பவராவது மேலே போகும். காரில் நான்கைந்து மீட்டர்தான் என்பதால் ஆர்ஜி-58 போதுமானது. காரின் கூரைக்கு விலை உயர்ந்த ஆன்டெனா எதுவும் தேவையில்லை. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு குவார்ட்டர் வேவ் கம்பி, 145-இல் கால் அலையாகவும் 435-இல் முக்கால் அலையாகவும் இரண்டு பேண்டிலும் வேலை செய்யும்.

மற்றவர்களோடு நான் மாறுபடும் இடம் ஒன்று உண்டு. உள்ளூர் ரிப்பீட்டரில் காலை வணக்கம் சொல்வது மட்டுமே நோக்கம் என்றால், நல்ல விஎச்எஃப் மோனோபேண்ட் (ஒரே பட்டை) செட் ஒன்றே போதும். பெரிய ஹீட் சிங்க், குறைவான பட்டன்கள், விலையும் குறைவு. டிஎம்-வி71ஏ-வில் டிஜிட்டல் குரல் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, ஏபிஆர்எஸ் (இருப்பிடத்தையும் சிறு தகவல்களையும் ரேடியோ வழியே அனுப்பும் முறை) வேண்டுமென்றால் அதன் உடன்பிறப்பான டிஎம்-டி710-ஐத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் நாட்டம் வரக்கூடியவர் என்றால் இப்போதே வேறு மாடலைப் பார்ப்பது நல்லது.

ஆனால் செயற்கைக்கோள் ஆசை இருந்தால் என் பதில் அப்படியே மாறிவிடும். இந்த செட் ஒரு பேண்டில் அனுப்பிக்கொண்டே மறு பேண்டில் கேட்கும். எஸ்ஓ-50 என்ற ஹாம் செயற்கைக்கோளுக்கு 145.850-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்பி 436.795 சுற்றி வரும் உங்கள் குரலை நீங்களே அதே நொடியில் கேட்கலாம். குரல் திரும்பி வருகிறதா, மற்றவர் பேச்சில் குறுக்கிடுகிறோமா என்பது உடனே தெரிந்துவிடும். அந்தக் கோள் உறங்கிக்கிடந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோன் ஒரு முறை அனுப்பினால் பத்து நிமிடத்துக்கு விழித்துக்கொள்ளும். டாப்ளர் விளைவு (கோளின் வேகத்தால் அலைவரிசை மாறித் தெரிவது) காரணமாகக் கீழிறங்கும் அலைவரிசை மேலும் கீழும் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை நகரும் என்பதால், ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரிகளை வரிசையாகப் போட்டு வைத்துக்கொண்டு, கோள் ஏறி இறங்க இறங்க ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கும் இதே முறைதான்: மேலே 145.990, கீழே 437.800. இவை அனைத்தும் நமக்கு அனுமதிக்கப்பட்ட 434–438-க்குள்ளேயே வருகின்றன. அமெரிக்கப் பதிப்பு 430 முதல் 450 வரை அனுப்பும் என்பதால், நம் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நொய்யல் (கோவை)

பொதிகை அவர்கள் சொன்ன செயற்கைக்கோள் பயன்பாட்டை நான் விட்டுவிட்டேன். அதுவே தனிக் காரணம்தான்.

பழைய செட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சோதனைக் கருவி) மாட்டி இரண்டு பேண்டிலும் மூன்று பவர் நிலைகளையும் அளந்து பாருங்கள். எச்எஃப்-க்கான (30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைகள்) எஸ்டபிள்யூஆர் மீட்டர் (பவரையும் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையையும் அளப்பது) 435-இல் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். டியூனிங் குமிழை மெதுவாகத் திருப்பும்போது திரையில் எண் ஏதாவது விட்டுப்போய்த் தாவுகிறதா என்று பாருங்கள். தேய்ந்த குமிழ் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். முகப்பை ஒருமுறை கழற்றி, இணைப்புத் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மெமரிகளைக் கையால் போட்டுக்கொண்டிருக்காமல் கணினி வழியாகப் போடுங்கள். கென்வுட்டின் எம்சிபி-2ஏ மென்பொருள் இலவசம், சிர்ப் மென்பொருளும் இந்த செட்டை ஏற்கும். கேபிளை மட்டும் நல்ல சிப் உள்ளதாக வாங்குங்கள், போலிச் சிப் உள்ள கேபிள்களை விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுப்பது வழக்கமான தலைவலி.

விற்பவரிடம் தனிமுகப்புக் கேபிள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். இல்லை என்றால் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. 73 (ஹாம்களின் வாழ்த்து).