ஸ்டியரிங் சிலிண்டர் ஒழுகுகிறது, சீல் போதுமா?

செம்பனைக்காரன்:
மலேசியாவில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). பழம் ஏற்ற 24 குதிரைச் சக்தி சின்ன டிராக்டர் ஒன்று, அப்பா பழசாக வாங்கியது. முன் அக்சிலில் இருந்து சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் சிலிண்டரில், உள்ளே போய் வெளியே வரும் தண்டான ராட்டின் இடது பக்கம் வழியாக எண்ணெய் கசிகிறது. தீபாவளிக்கு முன்தான் சீல் (எண்ணெயைத் தடுக்கும் வளையம்) மாற்றினேன், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் கொட்டகைத் தரையில் ரொட்டி சானாய் அளவுக்கு எண்ணெய் வட்டம். புது சிலிண்டர் விலையைக் கேட்டதும் அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு தடவை சீல் போட்டுப் பார் என்கிறார். போடலாமா?

பட்டறை அண்ணன்:
தம்பி, எஞ்சினை நிறுத்தி, ராட்டைத் துடைத்துவிட்டு நகத்தால் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் சீல் காசு தண்டம். உரம் ஏற்றும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அமோனியம் சல்பேட் தூளும் மழை ஈரமும் சேர்ந்தால் குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது சீலை அரம்போல ராவிவிடும்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது கசிவை விரலால் தடவாதீர்கள். அழுத்தத்தில் வரும் எண்ணெய் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கும். முதலில் பெரிதாக வலிக்காது, அப்புறம் விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கூலிம் பையன்:
ராட்டை மட்டும் ஈப்போவில் கொடுத்துக் குரோம் பூச முடியாதா?

பட்டறை அண்ணன்:
முடியும். பெரிய பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) சிலிண்டர் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். இந்தச் சின்ன ராட்டுக்குக் கூலியும் காத்திருக்கும் நாளும் கட்டாது. பழம் காத்திருக்குமா?

மாற்றுவதானால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். அக்சில் அதன் நடுவில் உள்ள முளையில் ஆடும், இரண்டு பக்கமும் கட்டை செருகிவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பினால் அழுத்தம் இறங்கும். சிலிண்டரைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். ஹோஸ் இரண்டிலும் அடையாளம் கட்டுங்கள், வாயையும் அடைத்துவிடுங்கள். மண் போனால் பம்ப்புக்கும் சேர்த்துச் செலவு.

செம்பனைக்காரன்:
அண்ணே, நகம் நாலு இடத்தில் தட்டியது. புதுசு வாங்கி நேற்று மாட்டிவிட்டேன். டை ராட் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட்தான் உயிரை வாங்கியது. மரையில் அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் ஆர்மின் பக்கவாட்டில் இரண்டு சுத்தியல் போட்டதும் விட்டுக்கொடுத்தது. சக்கரங்களைத் தூக்கிவைத்தே, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பத்துத் தடவை முழுக்கத் திருப்பிக் காற்றை எடுத்தேன். எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினேன். முன் டயர்கள் இரண்டுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிட 12 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. கையேட்டில் 2 முதல் 8 என்று இருந்ததால் 5க்குக் கொண்டுவந்தேன்.

ஹோஸில் அடையாளம் கட்டியது உண்மை. ஆனால் எண்ணெய் பட்டு டேப் கழன்றுவிட்டது. அப்பா ஏறி இடது பக்கம் திருப்பினார், வண்டி வலது பக்கம் வாய்க்காலைப் பார்த்துப் போனது.

பட்டறை அண்ணன்:
கவலைப்படாதீர்கள். நான் முதன்முதலில் ஹோஸ் மாற்றிப் போட்ட வண்டியில் மண்டோர் (தோட்டக் கங்காணி) ஏறிவிட்டார்.