15 அடி மனைக்கு எந்த மாடிப்படி?

கேள்வி (தண்டையார்பேட்டை):
மனை 15க்கு 40. கீழே நாங்கள், மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடப்போகிறோம். இடம் மிச்சமாகும் என்று பையன் இரும்பில் சுருள் படி கேட்கிறான். போனில் படம் காட்டினான், அழகாகத்தான் இருக்கிறது. மேஸ்திரியோ ஹாலுக்குள் யூ மாதிரி திரும்பும் படி என்கிறார். மாமியாருக்கு மூட்டுவலி, ஆனாலும் வடாம் போட மாடி ஏறாமல் விடமாட்டார். தளத்துக்குத் தளம் 10 அடி. எதைப் போடலாம்?

பதில் (காசிமேடு):
சுருள் வேண்டாம் அக்கா. எங்கள் எதிர்வீட்டில் வெளியே அதுதான். பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், உப்புக்காற்றில் வெல்டிங் வைத்த இடமெல்லாம் துரு செதில் செதிலாக உதிர்கிறது. குடிவந்தவர்கள் பீரோவைக் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

பதில் (வண்ணாரப்பேட்டை, சென்ட்ரிங் வேலை):
யூ படியும் உங்களுக்குச் சரிவராதும்மா. போக 3 அடி, திரும்ப 3 அடி, நடுவில் சந்து, ஆறரை அடி அதற்கே போய்விடும். சுவர் போக மிஞ்சுவதே 14 அடிதான். அதுவும் போகட்டும், ஹார்பரில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் வாடகைக்காரர் உங்கள் ஹால் வழியாகவா மேலே போவார்? கதவைத் திறக்க யார் எழுந்து வருவது?

பக்கச்சுவரை ஒட்டி, வெளியிலிருந்தே ஏறும் நேர்படி போடுங்கள். 10 அடி என்றால் 120 அங்குலம். படி உயரம் ஏழு அங்குலம் வைத்தால் 17 ஏற்றம் வரும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு 190 மி.மீ. வரை, அதாவது ஏழரை அங்குலம் வரை விடுகிறது, மூட்டுவலிக்கு அது வேண்டாம். மிதிக்கும் அகலம் 10 அங்குலம்; லேண்டிங்கும் மேல்தளமும் ஆளுக்கொரு ஏற்றம் எடுத்துக்கொள்வதால் மிதிபடி 15தான். நடுவில் 3 அடி லேண்டிங்கும் சேர்த்தால் நீளம் பதினைந்தரை அடி. நீளம் மிச்சம் என்று லேண்டிங்கை விட்டுவிட்டு, மூலையில் படியைத் திருப்பி முக்கோணப் படி வைக்கிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். வயசானவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

இன்னொன்று, தரைக்கு டைல்ஸ் போடும் கனத்தை இப்போதே கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் படி மட்டும் குட்டையாகிவிடும், கால் தினமும் ஏமாறும். மழை விழும் படிக்கு பாலிஷ் கிரானைட் ஆகாது. கைப்பிடிக்கு ஸ்டீல் என்றால் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், கடலோரத்தில் 304 கிரேடில் கூடத் துருப்புள்ளி விழும். படிக்கடியில் அடிபம்பு, மோட்டார், டிரம் எல்லாம் அடங்கும்.

கேட்டவர்:
17 ஒற்றைப்படை என்றதும் மாமியார் சம்மதித்துவிட்டார். பையன்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். முதல் மாடியிலிருந்து மொட்டைமாடிக்காவது சுருள் போடலாமா?

பதில் (வண்ணாரப்பேட்டை, சென்ட்ரிங் வேலை):
வடாம் தட்டோடு அவர் ஏறப்போவது அதில்தானே? அங்கேயும் கான்கிரீட்தான். தம்பிக்கு வேண்டுமானால் வாட்டர் டேங்குக்கு ஒரு இரும்பு ஏணி வைத்துக்கொடுங்கள், கால்வனைஸ் பண்ணியது, அதாவது துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசியது.