வேகஸ் நரம்பை வெட்டினால் செரிமானம் நின்றுவிடுமா?

தாதிமை_முதலாண்டு:
இரைப்பையைச் சுரக்க வைப்பது மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பு என்று படித்தேன். அதையே வெட்டிவிட்டால் கணையம் சும்மா இருக்குமா? நரம்பின் வேலை எங்கே முடிகிறது, ஹார்மோன் எங்கே தொடங்குகிறது?

ஜூரோங்_ஆசிரியர்:
சும்மா இருக்காதும்மா. 1902இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு உள்ளே அமிலம் விட்டார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலம் சேர்த்து அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் ஏற்றினார்கள். அதற்கும் சுரந்தது. ஆக, சேதி போனது ரத்தம் வழியே. அந்தச் சேதியைக் கொண்டுபோன ஹார்மோன்தான் செக்ரிட்டின். முன்சிறுகுடலில் அமிலம் ஏறி பிஎச் 4.5க்குக் கீழே இறங்கினால் அதன் உட்சவ்விலுள்ள எஸ் செல்கள் அதை விடும். உடனே கணையம் காரமான பைகார்பனேட்டை அனுப்பி அமிலத்தை அடக்கும். அடக்காவிட்டால் கணைய நொதிகள் வேலை செய்யா.

வார்டு_தாதி:
வெட்டினால் கெடுவது வேறு. உணவின் மணம் பட்டதுமே வேகஸ், அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள் வழியாக அமிலத்தைச் சுரக்க வைக்கும், அமிலத்தைக் கூட்டும் காஸ்ட்ரின் ஹார்மோனையும் கிளப்பும். இரைப்பைப் புண்ணுக்கு முன்பு இந்த நரம்பை வெட்டினார்கள். அமிலம் குறைந்தது, ஆனால் இரைப்பையின் கீழ்வாய் சரியாகத் திறக்காமல் சாப்பாடு தேங்கியது. அதனால் கீழ்வாயை அகலப்படுத்தும் அறுவையும் சேர்த்தே செய்தார்கள். குடல் மட்டும் தன்பாட்டில் அசையும். அதன் சுவருக்குள்ளேயே இரண்டு நரம்பு வலைகள்: அசைவுக்கு அவெர்பாக், சுரப்புக்கு மைஸ்னர்.

தங்கச்சி, வார்டில் இதை அவசியம் கவனி. நீண்டநாள் நீரிழிவில் வேகஸ் பழுதானால் இதே தேக்கம் வரும். இன்சுலின் போட்டாச்சு, சோறோ இரைப்பையிலேயே கிடக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சர்க்கரை சரியும், பிறகு தாமதமாக ஏறும். சாப்பிடாமல் ஏமாற்றுகிறார் என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாதே. சீக்கிரம் வயிறு நிறைகிறதா, பழைய சாப்பாடு வாந்தியில் வருகிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்.

தாதிமை_முதலாண்டு:
நன்றிக்கா. பித்தப்பையைச் சுருக்குவதும் செக்ரிட்டின்தானா?

ஜூரோங்_ஆசிரியர்:
இல்லை, அது சிசிகே, அதாவது கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு குடல் ஹார்மோன். நாசி லெமாக் சோற்றின் தேங்காய்ப்பால் கொழுப்பு முன்சிறுகுடலில் பட்டதும் அங்குள்ள ஐ செல்கள் அதை விடும். பித்தப்பை சுருங்கும், பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலுள்ள ‘ஓடி’ (Oddi) சுருக்குத்தசை தளரும், கணைய நொதிகளும் வரும். பித்தக்கல் உள்ளவருக்குக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவின் கீழே வலி வருவது இதனால்தான். இரைப்பை மெதுவாகக் காலியாவதற்கும் சிசிகேதான் காரணம், அதையும் பெரும்பாலும் வேகஸின் உணர்நரம்புகளைத் தூண்டித்தான் செய்கிறது. நரம்பு, ஹார்மோன் என்று நடுவில் கோடு போட்டுப் படித்தால் இந்த இடத்தில்தான் குழம்பும்.