கள்ள முழி

குழு: எங்கள் குடும்பம், வட்டக்கச்சி

சனிக்கிழமை

மாமி, 6.40: யாராவது இருக்கிறீர்களா? சாமித் தட்டில் பசளைக்கென்று வைத்த 15,000 ரூபாவைக் காணவில்லை. தம்பியைக் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சேட்டுத் தெறியைத் திருகுகிறான். அப்படியே கள்ள முழி.

அண்ணா, 6.42: 13 வயதுப் பெடியன் அவ்வளவு காசை என்ன செய்யப் போகிறான்? போனில் கேமுக்குக் கட்டியிருப்பானோ?

மாமி, 6.43: "இல்லை அம்மா" என்கிறான், குரல் வெளியே வரவில்லை. ரெண்டு தரம் தண்ணி குடித்துவிட்டான். பொய் சொல்கிறவனுக்குத்தானே வாய் காயும்?

அக்கா (வவுனியா), 6.49: மாமி, தயவுசெய்து அவனுக்குக் கை நீட்டிவிடாதீர்கள். பயந்தவனுக்கும் வாய் காயும். உளவளத்துணைப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே இதுதான். பொய் சொல்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் சனங்களைக் கேட்டார்கள். ஆகக் கூடுதலாக வந்த பதில் "கண்ணைப் பார்க்க மாட்டார்கள்" என்பது. ஆனால் ஆராய்ந்து பார்த்தால் அந்தக் குறியை நம்பவே முடியாது. பலருடைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் ஒரு கணக்கு வந்தது. ஆட்களைப் பார்த்தும் கேட்டும் பொய்யா உண்மையா என்று 20,000 பேருக்கு மேல் சொன்ன முடிவுகள் அதில் இருக்கின்றன. சரியாக வந்தது நூற்றுக்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

அண்ணா, 6.51: பொய் பிடிக்கிற மெசின் இருக்கிறதே?

அக்கா, 6.53: அதுவும் நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை இவற்றைத்தான் அளக்கிறது. பொய்யால் வந்த வியர்வையா பயத்தால் வந்த வியர்வையா என்று அதற்குத் தெரியாது. மாமி, யோசித்துப் பாருங்கள். ஏச்சு வாங்கும்போது நிமிர்ந்து பார்த்தால் "என்ன முறைக்கிறாய்" என்று கேட்டுத்தானே பிள்ளைகளை வளர்த்தோம்? கேள்வி கேட்கிறவனின் முகத்தைப் பார்க்காமல் நிற்க 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பெரிய ஆட்களே பழகிவிட்டார்கள். முகாமில் நானும் அப்படித்தான் நின்றேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மாமி, 6.58: சரி பிள்ளை. இப்ப என்ன செய்ய?

அக்கா, 7.01: "எடுத்தாயா" என்று இனிக் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள். ரியூசன் விட்டு வந்ததில் இருந்து என்ன நடந்தது என்று அவனாகவே சொல்லட்டும், குறுக்கே கதைக்காதீர்கள். பிறகு கடைசியில் இருந்து முன்னுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கட்டின கதையை அப்படித் திருப்பிச் சொல்வது கஷ்டம். எந்த இடத்தில் கதை நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

மாமி, 7.38: சைக்கிளை மாமரத்தோடு சாத்தினானாம். படலையடியில் ஒரு ஐயா மோட்டார் சைக்கிளில் நின்றவராம். அதோடு நிறுத்திவிட்டான். நான் பேசாமல் இருந்தேன். கனநேரம் கழித்து "அப்பம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன் அம்மா" என்று விம்மி அழுகிறான்.

மாமி, 7.55: அப்பம்மாதான் எடுத்து அந்த ஆளிடம் கொடுத்திருக்கிறா. காணாமல் போன அவவின் சின்ன மகன் ஒரு முகாமில் இருக்கிறாராம், பார்க்க ஒழுங்கு செய்து தருகிறேன் என்றானாம். இது மூன்றாம் தரம் வந்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. "நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துக் கதைக்கிற பிள்ளை, என் கையைப் பிடித்து அழுதது, அது பொய் சொல்லாது" என்கிறா.

மாமா (கனடா), 7.59: அண்ணி, எத்தனை தாய்மாரிடம் இப்படிச் சொல்லிக் காசு வாங்கினார்கள்! நகை விற்றுக் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். பெற்ற வயிற்றின் நெருப்பில் குளிர் காய்கிறான். வண்டி நம்பர் பார்த்தீர்களா?

அக்கா, 8.03: மாமா, கொஞ்சம் பொறுங்கள். மாமி, சின்னமாமாவைப் பற்றி அந்த ஆள் என்னென்ன சொன்னான்?

மாமி, 8.10: உயரம், ஏ.எல். படித்தது, யுத்தத்தின் கடைசியில் வட்டுவாகல் பாலத்தடியில் ஆமி கூட்டிக்கொண்டு போனது எல்லாம் சரியாகச் சொன்னானாம். நான் வடிவாக விசாரித்தேன். முதல் நாளே அப்பம்மா படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறா.

அக்கா, 8.14: அவ கொடுத்ததையே அவவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறான். பார்க்க வேண்டியது கண்ணை இல்லை மாமி, நாங்கள் சொல்லாத ஏதாவது ஒன்று அவனுக்குத் தெரியுமா என்பதைத்தான். இன்னொன்று, செஞ்சிலுவைச் சங்கம் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. ஆனால் "அவன் கள்ளன்" என்று அவவிடம் எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். பதினைந்து வருசத்துக்கு மேல் அவ பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு அது. இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும்.

மாமா (கனடா), 8.16: அம்மாவோடு நான் கதைக்கிறேன்.

மாமி, 9.20: கனடாத் தம்பியார் கதைத்தவர். அப்பம்மா மறுக்கவில்லை. என்ன கேட்பது என்று தானே யோசித்து எடுத்தா. அவவுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

மாமி, 10.05: இப்பதான் அந்த ஆள் கோல் எடுத்தான். இன்னும் 20,000 வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டேன். "பிள்ளையின் இடது தோளில் சூட்டுத் தழும்பு இருந்தது, ஆறிவிட்டதா தம்பி?" என்று அப்பம்மா கேட்டா. கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஓம் அம்மா, வடிவாக ஆறிவிட்டது, நானே கண்ணால் கண்டேன்" என்றான்.

அண்ணா, 10.06: சின்னமாமாவுக்குத் தழும்பே இல்லையே.

மாமி, 10.09: இல்லை. அவ ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் தந்துவிட்டா. படத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறா.

மாமா (கனடா), 10.10: அம்மாவைத் தனிய விடாதீர்கள் அண்ணி. நான் இன்னும் கொஞ்சத்தில் எடுக்கிறேன்.

அக்கா, 10.11: நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். தம்பி எங்கே?

மாமி, 10.14: சத்தியத்தை மீறிவிட்டேன் என்று கதவடியில் நின்றான். அவவே "வா ராசா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திவிட்டா. நானும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அண்ணா, 10.15: அந்தக் கோல் வந்த நம்பரை எனக்கு அனுப்புங்கள் மாமி. பொலிசில் முறைப்பாடு எழுத வேண்டும்.

மாமி, 10.16: அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு. ரெண்டு பேரும் நேற்று இரவில் இருந்து சாப்பிடவில்லை.