கரிக்குழி: நம்ம காட்டுக்குச் சாம்பல் வேண்டாம், அன்னபேதி போதும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கமுங்க.

உயிர்க்கரி, அதாவது மண்ணுல போடறதுக்காகச் செடிக் கழிவைச் சுட்டு எடுக்கற கரி, வாங்கப் பணம் அனுப்பறதுக்கு முன்னால ஒண்ணக் கவனிங்க. கரியோட சாம்பலையும் கலக்கச் சொல்ற குறிப்புகள் அமில மண்ணுக்கு எழுதுனது. சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) புரளுற நம்ம காடு ஏற்கெனவே காரம். கரியும் காரம், சாம்பல் அதுக்கும் மேல. மண்ணுல இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாம நிலக்கடலைக் கொழுந்து வெளுத்துரும். நமக்கு வேணுங்கறது அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) ஏத்துன கரி.

கரி சுடற குழிக்கு மேல்வாய் 4 அடி, அடியில 2 அடி, ஆழம் இரண்டரை அடி. சோளத்தட்டு மாட்டுக்கு வேணும், தேங்காய்த் தொட்டி காங்கேயத்துல விலை போகும். ரெண்டையும் சுட வேண்டாம். பருத்தி மார் (காஞ்ச செடித்தண்டு), மரவள்ளிக் குச்சி, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை நல்லது. ஒடிச்சா 'படக்'னு ஒடியணும். ஈரம் இருந்தா புகைதான் வரும், கரியில தார் ஒட்டிக்கும்.

நெருப்ப மேலாப்புல வைங்க. மேல எரியற தழல் காத்த அடிக்கு விடாது, கீழ இருக்கறது கரியாகும். மேல் அடுக்குல வெண்சாம்பல் பூக்கற நேரம் பார்த்து அடுத்த அடுக்கு போடணும். முந்தினா புகை, பிந்தினா சாம்பல். நிரம்புனதும் ஆவி நிக்கற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. உள்ள கங்கு தங்குனா விடியறதுக்குள்ள சாம்பலாயிரும். அந்தத் தண்ணி கிணத்துப் பக்கம் ஓடக்கூடாது. ஒரு துண்ட எடுத்துத் தேச்சுப் பாருங்க: கருப்பு வெறும் தண்ணியில போயிட்டா சரி. பிசுபிசுன்னு சோப்பு கேட்டா தார் இருக்கு, திரும்பச் சுடணும். 100 கிலோ காஞ்ச மாருக்கு 20 கிலோ கரி தேறும்.

உலர்ந்த கரி 100 கிலோவுக்கு அன்னபேதி 3 கிலோ, தண்ணி 100 லிட்டர். பச்சைப் படிகமாப் பார்த்து வாங்குங்க, துருநிறம் ஏறுனது வீண். பிளாஸ்டிக் டிரம்லதான் கரைக்கணும். கரி உறிஞ்சுனதும் 300 கிலோ மக்குன எருவோட கலந்து, நிழல்ல ஈரச்சாக்கு மூடி 30 நாள். எரு சேர்க்காத வெறுங்கரி மண்ணுல இருக்கற தழைச்சத்தத் தானே பிடிச்சுக்கும். கோமியம் அன்னைக்கே ஊத்திராதீங்க, இரும்பு துருவா அடியில படிஞ்சுரும்.

தென்னைக்கு வட்டப்பாத்தியில மரத்துக்கு 20 கிலோ கலவை போட்டு மண்ணு மூடுங்க. முதல்ல மண் பரிசோதனை பண்ணுங்க. கார அமில நிலை 7-க்குக் கீழ இருக்கற செம்மண் காட்டுக்கு அன்னபேதி தேவையில்லீங்க, எருவும் கரியும் போதும்.